ரோட்டரி சங்கத்தில் எல்லோருக்கும் ஒரு நாற்காலி: உறுப்பினர் வளர்ச்சிப் பொறுப்பைப் புதிதாக ஏற்பவர்களுக்கு

பல தொழில்காரர்கள் ஊர்ச் சேவைக்காகக் கூடும் ரோட்டரி சங்கங்களுக்கு ஜூலை 1ஆம் தேதி புது ஆண்டு பிறக்கிறது. அதையொட்டி ஊர் ஊராகப் பதவியேற்பு விழா நடக்கும். புதுத் தலைவர் கழுத்தில் பதவிச் சின்னமான காலர் ஏறும், செயலாளர், பொருளாளர் பெயர்களைக் கைதட்டலோடு வாசிப்பார்கள், கடைசிப் பக்கமாக ‘உறுப்பினர் வளர்ச்சி’ என்ற பொறுப்புக்கு ஒருவர் பெயர் வரும். அந்தப் பெயர் உங்களுடையது என்றால் இந்தக் கட்டுரை உங்களுக்குத்தான். டெல்டா பக்கம் ஒரு சின்ன ஊர்ச் சங்கத்தில் அந்தப் பொறுப்பை மூன்று வருடம் பார்த்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். அரிமா (லயன்ஸ்) சங்கத்தில் இருப்பவர்களுக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும்.

பொறுப்பு கைக்கு வந்ததும் மேலிருந்து வரும் முதல் பேச்சு, “பத்துப் பேரைச் சேத்து விட்டுடுங்க சார்” என்பதுதான். நானும் முதல் வருடம் சேர்த்தேன். மச்சான், மச்சானுடைய பார்ட்னர், பிள்ளை படிக்கும் பள்ளியின் தாளாளர் என்று ஒன்பது பேர். அடுத்த ஜூனில் ஆறு பேர் சந்தா கட்டாமல் நின்றுவிட்டார்கள். அந்த வருத்தத்தோடு சங்கத்து அலமாரியைக் குடைந்துகொண்டிருந்தபோது இரண்டு நோட்டுகள் கிடைத்தன. ஒன்று உறுப்பினர் பதிவேடு. இன்னொன்று பயனாளிகள் பதிவேடு: சக்கர நாற்காலி வாங்கியவர்கள், தையல் இயந்திரம் வாங்கியவர்கள், கண் முகாமில் அறுவை செய்துகொண்டவர்கள். பதினைந்து வருடத்துப் பெயர்கள். இரண்டு நோட்டிலும் இருக்கும் பெயர் ஒன்றுகூட இல்லை. தையல் இயந்திரம் வாங்கி இன்று நாலு பேருக்கு வேலை கொடுக்கும் பெண் எங்கள் கடைத்தெருவிலேயே இருக்கிறார். அவரை யாரும் கூப்பிடவில்லை. அவரும் தனக்கு அங்கே இடமிருக்கும் என்று நினைத்ததில்லை.

அன்றிலிருந்து நான் செய்ததையும், செய்யத் தவறிப் பின்னால் உணர்ந்ததையும் வரிசையாகச் சொல்கிறேன்.

முதல் வேலை: கையால் எழுதி எண்ணுங்கள்

உறுப்பினர் பட்டியல் கணினியில் இருந்தாலும் ஒரு நோட்டில் கையால் எழுதுங்கள். எழுதும்போதுதான் கண்ணில் படும். பெயருக்கு நேரே வயது, தொழில், குடியிருக்கும் தெரு, யார் முன்மொழிந்து வந்தவர் என்று நாலு கட்டம் போதும். நாலாவது கட்டத்தைக் கோடு போட்டு இணைத்துப் பாருங்கள். எங்கள் சங்கத்தில் அப்போது 41 பேர். கோடுகளைப் பின்பற்றிப் போனால் 33 பேர் வெறும் மூன்று பேர் வழியாக வந்திருந்தார்கள். பெண்கள் இரண்டு பேர், இருவரும் டாக்டர்கள். நாற்பது வயதுக்குக் கீழே நாலு பேர். யாரும் யாரையும் வாசலில் நிறுத்தித் திருப்பி அனுப்பவில்லை. அழைப்பு போகிற பாதை ஓரிரு தெருவைத் தாண்டவில்லை, அவ்வளவுதான்.

அடுத்து அந்த நோட்டோடு ஒரு காலை நேரம் கடைத்தெருவில் நடந்து வாருங்கள். பஸ் ஸ்டாண்டிலிருந்து தொடங்கி, யார் யார் ஊருக்கு வேலை செய்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டே போங்கள். 1905 பிப்ரவரி 23 அன்று சிகாகோவில் பால் ஹாரிஸ் என்ற வழக்கறிஞர் கூட்டிய முதல் கூட்டத்தில் இருந்தது நாலே பேர். மற்ற மூவரில் ஒருவர் நிலக்கரி வியாபாரி, ஒருவர் சுரங்கப் பொறியாளர், ஒருவர் தையல் கடைக்காரர். ஒருவருடைய இடத்தில் ஒரு முறை, அடுத்தவர் இடத்தில் அடுத்த முறை என்று சுற்றிச் சுற்றிக் கூடியதால்தான் ரோட்டரி என்ற பெயரே வந்தது. தொழிலுக்கு ஒருவர் என்று அவர்கள் வைத்துக்கொண்டதன் பலன், பல தொழில்காரர்கள் ஒரே மேசையில் உட்கார்ந்தது. நம் ஊர்ச் சங்கங்களில் இன்று எத்தனை தையல் கடைக்காரர்கள் இருக்கிறார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

விதியைப் படித்துவிட்டுப் பேசுங்கள்

யாரையாவது புதிதாக முன்மொழியும்போது “அதுக்கெல்லாம் ரூல் இடம் கொடுக்காது” என்று ஒரு மூத்தவர் சொல்வார். பெரும்பாலும் அவர் சொல்வது அவர் சேர்ந்த காலத்து விதி. அதனால் இன்றைய விதியைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

சங்கங்களுக்கான பொது சாசனம் உறுப்பினரிடம் கேட்பது நல்ல குணம், நேர்மை, தலைமைப் பண்பு, தொழிலிலோ சமுதாயத்திலோ நல்ல பெயர், சேவை செய்யும் விருப்பம். ‘தொழிலிலோ சமுதாயத்திலோ’ என்பதைக் கவனியுங்கள். வேலைக்கே போகாத இல்லத்தரசி, ஓய்வு பெற்றவர், பிள்ளை வளர்க்க வேலையை விட்டவர் எல்லோருக்கும் அதில் இடமுண்டு. பாலினம், இனம், நிறம், மதம், பிறந்த நாடு, பால் ஈர்ப்பு ஆகியவற்றைக் காட்டி ஒருவரைச் சங்கம் மறுக்கக் கூடாது.

இந்த விதி சும்மா வந்துவிடவில்லை. 1977இல் கலிபோர்னியாவின் டுவார்ட்டே என்ற சின்ன ஊர்ச் சங்கம் ஆள் குறைந்துபோன நிலையில் பெண்களைச் சேர்த்துக்கொண்டது. மறு வருடமே அதன் அங்கீகாரத்தைத் தலைமை அமைப்பு ரத்து செய்தது. அவர்கள் கலைந்துபோகவில்லை. ‘முன்னாள் ரோட்டரி சங்கம்’ என்று பெயர் வைத்துக்கொண்டு கூட்டம் போட்டார்கள், வழக்கும் போட்டார்கள். 1987 மே 4 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்புச் சொன்னது. அதே வருடம் அந்தச் சங்கத்துக்கு சில்வியா விட்லாக் தலைவரானார், ரோட்டரியில் ஒரு சங்கத்துக்குத் தலைவரான முதல் பெண் அவர்தான். ‘ஆண்கள் மட்டும்’ என்ற வரியை 1989இல் ரோட்டரியின் விதிகளை வகுக்கும் சட்டமன்றக் குழு உலகம் முழுவதற்கும் எடுத்துவிட்டது. அரிமா சங்கமும் 1987இல் பெண்களுக்குக் கதவைத் திறந்தது. ஜெனிபர் ஜோன்ஸ் என்ற கனடாக்காரர் ரோட்டரியின் முதல் பெண் உலகத் தலைவராக வந்தது 2022இல்.

உங்கள் சங்கத்தின் துணை விதிகளையும் ஒரு முறை பாருங்கள். புதியவர் பெயரைச் சுற்றுக்கு விட்டு, ஆட்சேபணை இருந்தால் இத்தனை நாளுக்குள் சொல்லலாம் என்று பல சங்கங்களில் இருக்கும். ஆட்சேபணையை எழுத்தில், காரணத்தோடு, கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும் என்று போர்டு கூட்டத்தில் ஒரு தீர்மானம் போட்டுவிடுங்கள். “அவர் வேணாமேன்னு பாத்தேன்” என்று டீக்கடையில் சொல்லிவிடுவது சுலபம். அதே ஆள் பேனாவை எடுத்து எழுத உட்காரும்போது யோசிப்பார். எங்கள் சங்கத்தில் அந்தத் தீர்மானத்துக்குப் பிறகு எழுத்தில் ஒரு ஆட்சேபணையும் வரவில்லை.

காசுக் கணக்கைப் பிரித்துப் போடுங்கள்

“அது பணக்காரங்க சங்கம் சார்” என்று ஊரில் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. வருடச் சந்தா என்று ஒரே தொகையாகச் சொல்கிறோம். அதற்குள் என்னென்ன இருக்கிறது என்று பொருளாளரிடம் உட்கார்ந்து பிரித்துப் பாருங்கள். உலகத் தலைமைக்குப் போகும் சந்தா டாலரில் கணக்கிடப்படும், வருடத்துக்கு இரண்டு முறை, ஜூலையிலும் ஜனவரியிலும் கட்ட வேண்டும். பல சங்கங்களைச் சேர்த்த ரோட்டரி மாவட்டத்துக்கு ஒரு தொகை. பத்திரிகைச் சந்தா. இவற்றில் நம்மால் கைவைக்க முடியாது. மீதி எல்லாம் நம் சங்கமே வைத்துக்கொண்ட செலவு. அதில் பெரியது சாப்பாடு.

ஒரு பேச்சுக்கு, மாதம் இரண்டு கூட்டம், ஒரு இரவுச் சாப்பாடு 250 ரூபாய் என்று வைத்தால் வருடத்துக்கு 6,000 ரூபாய். தனியார் பள்ளியில் வேலை பார்க்கும் ஒரு டீச்சருக்கு அது சின்னத் தொகை இல்லை. சாப்பாட்டைச் சந்தாவிலிருந்து எடுத்துவிட்டு, சாப்பிடுகிறவர் அன்றன்றைக்குக் கொடுத்துக்கொள்ளட்டும் என்று மாற்றுங்கள். டீயும் சுண்டலும் எல்லோருக்கும் பொது. மீதிச் சந்தாவை நாலு தவணையாக வாங்குங்கள். தவணை கேட்பவர்கள் தனியே விண்ணப்பிக்கும்படி வைத்தால் ஒருவரும் கேட்க மாட்டார்கள். அதனால் எல்லோருக்கும் தவணை என்றே வையுங்கள், மொத்தமாகக் கட்ட விரும்புகிறவர் கட்டிவிட்டுப் போகட்டும்.

ஃபைன் விஷயமும் உண்டு. லேட்டாக வந்தால், பேட்ஜ் போடாமல் வந்தால், பிறந்த நாள் வந்தால் என்று கூட்ட ஒழுங்கைப் பார்க்கும் சார்ஜென்ட் நூறு, இருநூறு வசூலிப்பார். அரிமா சங்கத்தில் இந்த வேலைக்கு டெயில் ட்விஸ்டர் என்று தனிப் பதவியே இருக்கிறது. இருக்கிறவர்களுக்கு அது விளையாட்டு. பர்ஸில் ஐம்பது ரூபாயோடு வந்தவருக்கு அந்த நிமிடம் தரையில் புதைந்துவிடலாம் போலிருக்கும். எங்கள் சங்கத்தில் ஃபைன் பத்து ரூபாயைத் தாண்டக்கூடாது என்று வைத்தோம். வசூல் குறைந்தது, சிரிப்பு குறையவில்லை.

சந்தா விவரம் முழுவதையும் ஒரு தாளில் தமிழில் எழுதி, அழைக்கும்போதே கையில் கொடுத்துவிடுங்கள். சேர்ந்த பிறகு “இதுவும் உண்டு சார்” என்று ஒவ்வொன்றாகச் சொல்வதைப் போல ஆளை விரட்டும் காரியம் வேறில்லை.

எத்தனை மணிக்கு, எந்த இடத்தில்

வாரம் தவறாமல் கூட வேண்டும் என்ற கட்டாயம் 2016 சட்டமன்றக் குழுவில் தளர்ந்தது. மாதம் இரண்டு கூட்டம் போதும், நேரிலும் கூடலாம், இணைய வழியாகவும் கூடலாம். இந்தச் சுதந்திரத்தைப் பல சங்கங்கள் இன்னும் பயன்படுத்தாமலே வைத்திருக்கின்றன. வியாழன் இரவு எட்டு மணி, ஹோட்டல் மாடி ஹால் என்று முப்பது வருடமாக ஓடுகிறது. எட்டு மணி என்பது கடையை மூட ஆள் வைத்திருப்பவருக்குத் தோதான நேரம். கடைசி டவுன் பஸ்ஸைப் பிடிக்க வேண்டிய செவிலியருக்கு அது தோதில்லை. ஒரு கூட்டத்தை ஞாயிறு காலை பத்து மணிக்கு மாற்றிப் பாருங்கள். நாங்கள் மாற்றினோம். வழக்கமாக வரும் ஐந்தாறு பேர் முணுமுணுத்தார்கள், வராமலே இருந்த எட்டுப் பேர் வந்தார்கள்.

இடத்தை நீங்களே போய் அளந்து பாருங்கள். சக்கர நாற்காலிக்குச் சாய்தளம் என்றால் ஒரு அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் வேண்டும். வாசலில் ஒரு பலகையைச் சாய்த்துப் போட்டு “ரேம்ப் இருக்கு” என்று சொல்லும் ஹால்களை நம்பாதீர்கள். கழிப்பறை எந்தத் தளத்தில் இருக்கிறது, கதவு எவ்வளவு அகலம், உள்ளே விளக்கு எரிகிறதா, தாழ்ப்பாள் விழுகிறதா என்று பாருங்கள். பெண்கள் வராததற்கு இந்தத் தாழ்ப்பாளும் ஒரு காரணம், ஆனால் அதை ஒருவரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். பார்வையற்றவர் ஒருவர் உறுப்பினராக இருந்தால் கூட்ட அறிவிப்பை வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பாமல் எழுத்தாக அனுப்புங்கள். போன் அதை வாசித்துச் சொல்லிவிடும், படத்தை அப்படி நம்ப முடியாது. காது கேளாதவருக்குச் சைகை மொழி தெரிந்தவர் வேண்டும். அருகில் சிறப்புப் பள்ளி இருந்தால் அங்கே கேளுங்கள், வருகிறவருக்கு உரிய தொகையைச் சங்கச் செலவில் கொடுங்கள்.

மேடை மொழி தமிழாக இருக்கட்டும். ஆங்கிலத்தில் எழுதிய நிகழ்ச்சி நிரலைத் தட்டுத்தடுமாறி வாசிப்பதைப் பார்த்துவிட்டு, நன்றாகப் பேசக்கூடிய பலர் மைக் பக்கமே போவதில்லை.

இதற்கு மேல் இரண்டு விஷயங்கள் இருக்கின்றன. எழுதத் தயக்கமாக இருந்தாலும் எழுதித்தான் ஆக வேண்டும்.

ஒன்று ‘ஃபெலோஷிப்’. கூட்டம் முடிந்ததும் பாதிப் பேர் மட்டும் இன்னொரு அறைக்குப் போவார்கள், கதவு சாத்தப்படும், பாட்டில் திறக்கும். சங்கத்தின் முக்கால்வாசி முடிவுகள் அந்த அறையில்தான் எடுக்கப்படும். குடிக்காதவரும், வீட்டுக்குப் போக வேண்டிய பெண்களும், மத நம்பிக்கையால் தள்ளி நிற்பவரும் மறுநாள் வாட்ஸ்அப்பில் முடிவைத் தெரிந்துகொள்வார்கள். குடிப்பதைப் பற்றி உபதேசம் செய்யப் போனால் சண்டைதான் மிஞ்சும். நான் கேட்டுக்கொண்டது ஒன்றே ஒன்று: சங்க விஷயம் எதுவும் அங்கே முடிவாகக் கூடாது, சங்கப் பணம் ஒரு ரூபாய்கூட அதற்குப் போகக் கூடாது. தலைவர் ஒத்துக்கொண்டு நின்றால் இது நடக்கும்.

இன்னொன்று சாதி. அழைத்துத்தான் சேர்க்கிறோம் என்பதால், அழைப்பு சொந்தபந்தம் வழியே போகிறது. சொந்தபந்தம் நம் ஊரில் ஒரு சாதிக்குள்தான். ஒரு குறிப்பிட்ட சமூகத்தாரின் திருமண மண்டபத்தில் ‘வாடகை கம்மி’ என்று வருடம் முழுக்கக் கூட்டம் போட்டால், படியேறத் தயங்குகிறவர்கள் யார் என்று உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. பொது இடத்துக்கு மாறுங்கள்: நூலகக் கூடம், பள்ளிக்கூடம், நகராட்சி மண்டபம். அதோடு, புதிதாக வருகிறவரிடம் பெரியவர்கள் அன்பாகக் கேட்கும் ஒரு கேள்வி உண்டு. “தம்பிக்கு எந்த ஊரு? ஊர்ல எந்தத் தெரு? யாரு வீட்டுப் புள்ள?” மூன்றாவது கேள்விக்குள் ஆளை அளந்து முடித்துவிடுவார்கள். எங்கள் கூட்டத்துக்கு விருந்தினராக வந்த ஒரு இளம் வழக்கறிஞர் இரண்டாவது கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டு, கையிலிருந்த டீயைக் குடிக்காமலே கீழே வைத்தார். அந்த டம்ளரை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. அடுத்த கூட்டத்துக்கு அவர் வரவில்லை. இப்போது புதியவர் வந்தால் நானே பக்கத்தில் உட்கார்ந்து, “என்ன வேலை பாக்குறீங்க, ஊருக்கு என்ன செய்யணும்னு தோணுது?” என்று பேச்சைத் தொடங்கிவிடுகிறேன். வரவேற்பு மேசைக்கு ஒரு ஆளைப் பழக்கி நிறுத்துங்கள். இதற்கு வேறு குறுக்கு வழி எனக்குத் தெரியவில்லை.

அழைப்பது எப்படி

யாரை அழைப்பது என்று கேட்டால், பயனாளிகள் நோட்டிலிருந்து தொடங்குங்கள் என்பேன். அடுத்து, நம் முகாம்களில் நம்மோடு வேலை செய்தும் நம்மில் ஒருவராக ஆகாதவர்கள். போலியோ சொட்டு மருந்து நாட்களை நினைத்துப் பாருங்கள். இயற்கையில் பரவும் வைரஸால் இந்தியாவில் போலியோ வந்த கடைசி நோயாளி, 2011 ஜனவரியில் மேற்கு வங்கத்தின் ஹவுராவில் கண்டறியப்பட்ட குழந்தை. 2014 மார்ச் 27 அன்று போலியோ இல்லாத நாடு என்ற சான்று வந்தது. அதில் ரோட்டரிக்கு இருக்கும் பங்கை ஒவ்வொரு மேடையிலும் பெருமையாகச் சொல்கிறோம், சொல்லவும் வேண்டும். ஆனால் நம் பேனருக்கு அடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்து குழந்தை வாயில் சொட்டு விட்டவர் அங்கன்வாடி டீச்சர், விடுபட்ட வீட்டைத் தேடி வெயிலில் நடந்தவர் கிராம சுகாதாரச் செவிலியர். அவர்களுக்கு டீ வாங்கிக் கொடுத்தோம். உறுப்பினர் படிவம் கொடுத்தோமா?

மகளிர் சுய உதவிக் குழுத் தலைவிகள், ஆட்டோ ஸ்டாண்டில் ரத்த தானம் என்றால் முதலில் ஓடி வரும் ஆள், ஓய்வு பெற்ற தலைமையாசிரியை, சொந்தத் தொழில் செய்யும் திருநங்கை, மாற்றுத்திறனாளி, வெளியூரிலிருந்து மாற்றலாகி வந்த வங்கி ஊழியர் என்று நோட்டில் பெயர்கள் சேரும். ஒருவரை மட்டும் தனியாகக் கொண்டுவந்து நிறுத்தாதீர்கள். இரண்டு மூன்று பேராகச் சேர்த்துக்கொள்ளுங்கள். நாற்பது பேருக்கு நடுவே ஒரே ஒரு திருநங்கை, ஒரே ஒரு சக்கர நாற்காலிக்காரர் என்றால் மொத்தச் சங்கத்தின் கண்ணும் அவர் மேல்தான் இருக்கும், போட்டோக்காரர் கண்ணும் சேர்த்து.

நேரில் போய்ப் பேசுங்கள், போனில் வேண்டாம். தையல் கடைக்காரப் பெண்ணிடம் நான் போனது ஒரு மத்தியான நேரம். எப்படிச் சொல்வது என்று தெரியாமல், “அக்கா, நீங்க சங்கத்துல உறுப்பினரா சேரணும்” என்று நேராகவே சொன்னேன். மிஷினை நிறுத்தாமல், “மறுபடி ஏதும் போட்டோ எடுக்கணுமா தம்பி?” என்று கேட்டார். பதினோரு வருடத்துக்கு முன்னால் இயந்திரம் கொடுத்த அன்று அவரை வெயிலில் இரண்டு மணி நேரம் நிற்க வைத்துப் படம் எடுத்ததை அவர் மறக்கவில்லை. மன்னிப்புக் கேட்டேன். பிறகு, பள்ளிப் பிள்ளைகளுக்குச் சீருடை கொடுக்கும் திட்டத்தில் அளவு தப்பித் தப்பி வருவதைச் சொல்லி, அதை அவர் பொறுப்பில் எடுத்துக்கொள்ள முடியுமா என்று கேட்டேன். மிஷின் நின்றது. “யாரு அளவு எடுக்குறா உங்களுக்கு?” என்றார். அங்கேதான் பேச்சு தொடங்கியது. ஆளுக்குத் தெரிந்த வேலையைச் சொல்லி அழையுங்கள். “ஊருக்கு நல்லது செய்யலாம் வாங்க” என்று பொதுவாக அழைத்தால், காசு கேட்க வந்திருக்கிறார்கள் என்றுதான் நினைப்பார்கள்.

சேர்வதற்கு முன் இரண்டு கூட்டம், ஒரு களப்பணிக்கு விருந்தினராக வரட்டும். படிவத்தில் பெயர், அழைக்கும் விதம், பாலினம் ஆகியவற்றை அவர் எப்படி எழுதுகிறாரோ அப்படியே பேட்ஜிலும் அச்சிடுங்கள்.

பேட்ஜ் என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. உறுப்பினர்களின் மனைவிமாரை ‘ஆன்’ என்று அழைக்கும் வழக்கம் நம் சங்கங்களில் இன்னும் இருக்கிறது. 1914இல் ஹூஸ்டன் மாநாட்டுக்குப் போன ரயிலில் வந்த ஆன் புருன்னியர் என்ற உறுப்பினர் மனைவியின் பெயரிலிருந்து பிறந்த செல்லப்பெயர் அது. எங்கள் சங்கத்தின் குடும்ப விழாவுக்குப் புதிதாகச் சேர்ந்திருந்த தலைமையாசிரியை கணவரோடு வந்தார். வரவேற்பு மேசையில் கணவருக்கு ‘ரொட்டேரியன்’ பேட்ஜையும் அவருக்கு ‘ஆன்’ பேட்ஜையும் குத்திவிட்டார்கள். அவர் சண்டை போடவில்லை. பேட்ஜைக் கழற்றித் திருப்பி, கைப்பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்து, பின்பக்கம் தன் பெயரை எழுதி மறுபடி குத்திக்கொண்டார். அடுத்த விழாவிலிருந்து எங்கள் பேட்ஜ்களில் பெயர் மட்டும்தான்.

அதே போல, சேர விரும்பி வரும் பெண்ணை “இன்னர்வீல்ல சேந்துக்கங்கம்மா” என்று திருப்பி விடாதீர்கள். ரொட்டேரியன் வீட்டுப் பெண்களுக்கென்று தொடங்கிய இன்னர்வீல் நல்ல அமைப்பு, அதில் சேர்வது அவரவர் விருப்பம். ரோட்டரிக்கு வந்தவருக்கு அதைக் காட்டுவது கதவைச் சாத்துவதாகும்.

முதல் மூன்று மாதம்

ரோட்டரிச் சின்னத்தைச் சட்டையில் குத்தி, பொன்னாடை போர்த்தி, படம் எடுத்த மறுநாளிலிருந்துதான் உங்கள் வேலை. ஒவ்வொரு புதியவருக்கும் ஒரு பழைய உறுப்பினரைத் துணையாகப் போடுங்கள், முன்மொழிந்தவர் அல்லாத வேறு ஒருவரை. முதல் கூட்டங்களில் பக்கத்தில் உட்கார்வது, யார் யார் என்று சொல்வது, வராத அன்று ஒரு போன் போடுவது, இவ்வளவுதான் அவர் வேலை.

முப்பது நாளுக்குள் கையில் ஒரு பொறுப்பைக் கொடுங்கள். நாற்காலி அடுக்குவது, பிரியாணிப் பொட்டலம் எண்ணுவது மட்டும் புதியவர்களுக்கு என்று ஆகிவிடக் கூடாது. எங்கள் கண் முகாமைச் சொல்கிறேன். தமிழ்நாட்டில் கண் முகாம் நடக்கும் விதம் பெரும்பாலும் இதுதான்: ஊரில் இடம், விளம்பரம், தன்னார்வலர்கள் எல்லாம் சங்கத்தின் பொறுப்பு. கண் மருத்துவமனையிலிருந்து குழு வந்து சோதிக்கும். கண்புரை உள்ளவர்களை அன்றே பஸ்ஸில் ஏற்றிப் போய் அறுவை செய்து கொண்டுவந்து விடுவார்கள். மதுரை அரவிந்த் போன்ற மருத்துவமனைகள் இந்த முறையில்தான் கிராமம் கிராமமாகப் போனார்கள். நாங்கள் வருடா வருடம் ஆட்டோவில் மைக் கட்டி விளம்பரம் செய்வோம், எழுபது எண்பது பேர் வருவார்கள், அதில் பாதி பஸ் வசதியுள்ள நடுத்தர வயதுக்காரர்கள்.

அந்த வருடம் முகாம் பொறுப்பைப் புதிதாகச் சேர்ந்த அங்கன்வாடி உதவியாளர் ஒருவரிடம் கொடுத்தோம். அவர் மைக் வேண்டாம் என்றார். ரேஷன் கடை வரிசையில் போய் நின்றார், நூறு நாள் வேலை நடக்கும் இடத்துக்குப் போனார். “ஆத்தா, கண்ணுல பொரை விழுந்திருக்கே, துணைக்கு ஆளில்லாம பயந்துக்கிட்டு இருக்கியா? நான் கூட வரேன்” என்று ஒவ்வொருவராகப் பேசினார். அறுவைக்குப் போகாமல் கிழவிகள் ஒளிந்துகொள்வதற்குக் காரணம் பயம்கூட இல்லை, வீட்டில் ஆடு பார்க்க ஆளில்லை என்பதை அவர்தான் கண்டுபிடித்தார். மூன்று வீட்டு ஆடுகளை இரண்டு நாள் பார்த்துக்கொள்ள ஒரு பையனை ஏற்பாடு செய்தார். அந்த முகாமுக்கு 163 பேர் வந்தார்கள். முப்பது வருடம் முகாம் நடத்திய எங்களுக்கு ஆட்டைப் பற்றித் தெரிந்திருக்கவில்லை.

முப்பதாவது நாளும் தொண்ணூறாவது நாளும் புதியவரிடம் தனியாக உட்கார்ந்து பேசுங்கள். “எல்லாம் நல்லாருக்கா?” என்று கேட்டால் “நல்லாருக்கு சார்” என்றுதான் வரும். “போன கூட்டத்துல உங்களுக்குப் பிடிக்காதது என்ன?” என்று கேளுங்கள். பதில் வரும் வரை பொறுங்கள்.

தவறாகப் பேசினாலோ நடந்தாலோ யாரிடம் சொல்வது என்பதும் புதியவருக்கு முதல் நாளே தெரிய வேண்டும். இரண்டு பேரை நியமியுங்கள், ஒருவராவது பெண்ணாக இருக்கட்டும், இருவருமே தலைவரின் நெருங்கிய சொந்தமாக இருக்க வேண்டாம். தொல்லைக்கு இடமில்லாத சூழலைக் காப்பது சங்கத்தின் கடமை என்று ரோட்டரியின் கொள்கையே சொல்கிறது. வாட்ஸ்அப் குழுவுக்கும் ஒரு வரி எழுதி மேலே பொருத்தி வையுங்கள்: சாதி, மதம், கட்சி, பெண்களைக் கேலி செய்யும் பார்வர்டுகள் வேண்டாம். மீறுகிறவர் முன்னாள் தலைவராக இருந்தாலும் தனியே போன் போட்டுச் சொல்லுங்கள்.

முழு உறுப்பினராக முடியாதவர்களுக்கு

பதினெட்டு வயது தாண்டிய இளைஞர்களுக்கு ரோட்டராக்ட் 1968இலிருந்து இருக்கிறது. அதிலிருந்த முப்பது வயது வரம்பை 2020 ஜூலையில் எடுத்துவிட்டார்கள். 12 முதல் 18 வயதுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு இன்டராக்ட். முதல் இன்டராக்ட் 1962இல் புளோரிடாவில் தொடங்கியது, அடுத்தது நம் தஞ்சாவூரில். இந்தச் செய்தியை டெல்டாக்காரர்கள் உரக்கவே சொல்லிக்கொள்ளலாம். கிராமத்தில் உறுப்பினர் ஆகாமலே சங்கத்தோடு வேலை செய்ய விரும்புகிறவர்களுக்கு ரோட்டரி சமுதாயக் குழு அமைக்கலாம். எட்டுப் பேர் இருந்தால் துணைச் சங்கம் தொடங்கி, அவர்களுக்குத் தோதான நேரத்தில் தனியே கூடலாம். அரிமா சங்கத்தில் குடும்ப உறுப்பினர் முறையில் முதலாமவர் முழுச் சந்தா கட்டினால், அதே குடும்பத்தில் மேலும் நாலு பேர் வரை சர்வதேசச் சந்தாவில் பாதி கட்டினால் போதும். கணவன், மனைவி இருவரும் சமமான உறுப்பினராக வர இது நல்ல வழி.

இவற்றில் எதையும், முழு உறுப்பினராக வர விரும்பும் ஒருவரைத் தள்ளி வைக்கும் திண்ணையாக ஆக்கிவிடாதீர்கள். அவரிடமே கேளுங்கள்.

ஜூன் மாதம் மறுபடி நோட்டை எடுங்கள்

வருடக் கடைசியில் அதே நாலு கட்டத்தோடு பட்டியலைத் திரும்ப எழுதுங்கள். எத்தனை பேர் சேர்ந்தார்கள் என்பதை மாவட்டம் கேட்கும். நீங்கள் உங்களுக்காக வேறு சிலவற்றை எழுதிக்கொள்ளுங்கள்: சேர்ந்தவர்களில் எத்தனை பேர் இன்னும் வருகிறார்கள், எத்தனை பேர் கையில் ஒரு பொறுப்பு இருக்கிறது, போர்டில் எத்தனை பேர் உட்கார்ந்திருக்கிறார்கள், விலகியவர்கள் என்ன காரணம் சொன்னார்கள். விலகியவர் வீட்டுக்கும் போய்க் கேளுங்கள். டீயைக் குடிக்காமல் வைத்த வழக்கறிஞரிடம் இரண்டு வருடம் கழித்துப் போனேன். சங்கத்தில் சேரவில்லை, ஆனால் எங்கள் துணை விதிகளை உட்கார்ந்து தமிழில் எழுதிக் கொடுத்தார்.

எங்கள் சங்கத்தில் இப்போது 52 பேர், பெண்கள் 17. பயனாளிகள் நோட்டிலிருந்து உறுப்பினர் நோட்டுக்கு வந்த பெயர்கள் ஐந்து. சீருடைத் திட்டத்தைத் தையல் கடை அக்காதான் நடத்துகிறார். போன ஜூனில் பொறுப்பை ஒப்படைத்தபோது அந்த நோட்டையும் அடுத்தவரிடம் கொடுத்தேன். கடைசிப் பக்கத்தில் இன்னும் அழைக்காத பதினோரு பேரின் பெயரும் தெருவும் இருந்தன.